கடைசிக் கை நம்முடையது

புதிதாகப் பணியில் சேரும் செவிலியர்களுக்கு, ஓய்வுபெற்ற ஒரு சிஸ்டர் எழுதுவது

பிள்ளைகளே,

அரசு மருத்துவமனைகளில் 34 ஆண்டுகள் நின்று, நர்சிங் சூப்பரிண்டெண்டென்டாக ஓய்வு பெற்றவள் நான். போன மாதம் என் அண்ணன் பேத்தி ஸ்டாஃப் நர்ஸாகச் சேர்ந்தாள். முதல் நைட் டியூட்டி முடிந்து வந்து போனில் அழுதாள். "அத்தைப்பாட்டி, நாப்பது பேருக்கு நான் ஒருத்தி. ஊசியை மாத்திப் போட்டுடுவேனோன்னு பயமா இருக்கு." அந்தப் பயத்தை விட்டுவிடாதே என்றேன். மீதியைப் போனில் சொல்லி முடியாது. அதனால் அவளுக்கும் உங்களுக்குமாகச் சேர்த்து எழுதுகிறேன்.

டாக்டர் தப்பாக எழுதினால் மருந்தாளுநர் பிடிக்கலாம். மருந்தாளுநர் மாற்றிக் கொடுத்தால் நீங்கள் பிடிக்கலாம். நீங்கள் மாற்றிப் போட்டால் பிடிக்க ஆளில்லை. உங்கள் கைக்கு அடுத்தது நோயாளியின் நரம்புதான். கீழே உள்ள பன்னிரண்டையும் இதை மனதில் வைத்துப் படியுங்கள்.

1. பெயரைச் சொல்லிக் கூப்பிடாதீர்கள். பெயரைச் சொல்லச் சொல்லுங்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம், பெண்கள் மெடிக்கல் வார்டு. நைட் டியூட்டி முடிகிற நேரம், காலை ஆறரை. 11ஆம் படுக்கையில் ஒரு லட்சுமி, சர்க்கரை நோயாளி. 12இல் இன்னொரு லட்சுமி, இளைப்புக்காகச் சேர்ந்த பாட்டி. 11க்கு 16 யூனிட் பிளெயின் இன்சுலின். ட்ரேயோடு போய், "லட்சுமியம்மா?" என்றேன். "ம்" என்று கையை நீட்டினார். போட்டேன். பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு அந்த அம்மா கேட்டார்: "எனக்குச் சக்கரையே கெடையாதே தாயி, இது எதுக்கு?"

ராத்திரி 12ஆம் படுக்கைக்கு மேலிருந்த ஃபேன் நின்றுபோயிருக்கிறது. இளைப்புக்காரப் பாட்டிக்குக் காற்று வேண்டுமே என்று இரண்டு லட்சுமியும் தங்களுக்குள் படுக்கையை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். நான் படுக்கை எண்ணுக்கு ஊசி போட்டிருக்கிறேன். பிறகு நடந்ததைக் கடைசியில் சொல்கிறேன்.

நம் ஜனங்கள் ஆஸ்பத்திரியில் பயத்தில் எதற்கும் "ஆமா" என்பார்கள். அதனால் "நீங்க லட்சுமியா?" என்று கேட்காதீர்கள். "உங்க பேரு என்னம்மா? வீட்டுக்காரர் பேரு? எந்த ஊரு?" என்று கேட்டு, பதிலைக் கேஸ் ஷீட்டோடு ஒப்பிடுங்கள். காது கேளாதவர், மயக்கத்தில் இருப்பவர், குழந்தை என்றால் துணைக்கு இருப்பவரிடம் கேளுங்கள். படுக்கை எண் மேஸ்திரி கட்டிலுக்கு அடித்தது. அதை நம்பி ஊசி போடக்கூடாது.

2. லேபிளை மூன்று முறை படியுங்கள்.

அலமாரியிலிருந்து எடுக்கும்போது ஒன்று, சிரிஞ்சில் ஏற்றும்போது ஒன்று, காலிக் குப்பியைக் கீழே வைக்கும்போது ஒன்று. இது எல்லோரும் படித்ததுதான். அப்படியும் எப்படித் தவறுகிறது என்பதற்கு அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் 2017 டிசம்பரில் நடந்ததைப் பாருங்கள். ஸ்கேனுக்குப் போன 75 வயதுப் பெண்மணிக்குப் பதற்றம் தணிய வெர்செட் என்ற மருந்து எழுதியிருந்தார்கள். செவிலியர் மருந்துப் பெட்டியின் கணினியில் முதல் இரண்டு எழுத்தைத் தட்டினார். வரவில்லை. பூட்டை மீறி எடுக்கும் வசதியைப் பயன்படுத்தினார். அதே இரண்டு எழுத்தில் தொடங்கும் வெக்குரோனியம் கைக்கு வந்தது. மூச்சுத் தசையையும் சேர்த்து முடக்கும் மருந்து அது. நோயாளி இறந்துபோனார்.

வெர்செட் திரவம். வெக்குரோனியம் பொடி, கரைத்துத்தான் ஏற்ற வேண்டும். அதன் மூடியிலேயே முடக்கும் மருந்து என்ற எச்சரிக்கை இருந்தது. கரைக்கும்போது ஒரு விநாடி, "இதை எதற்குக் கரைக்கிறேன்?" என்று கை நின்றிருந்தால் போதும். 2022இல் நீதிமன்றம் அந்தச் செவிலியரைக் குற்றவாளி என்றது. மூன்று ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு விதித்தது. அதற்கு முன்பே அவர் உரிமம் போய்விட்டது. கை வழக்கத்துக்கு மாறாக ஒரு வேலை செய்தால் கண்ணை மறுபடி லேபிளுக்குக் கொண்டுபோங்கள்.

3. புரியாத கையெழுத்தை ஊகிக்காதீர்கள்.

டில்லியில் 1993இல் டைஃபாய்டு காய்ச்சலோடு ஒரு குழந்தை தனியார் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டது. போட வேண்டியது குளோரோமைசெட்டின். நரம்பில் ஏறியது மலேரியாவுக்கான குளோரோகுயின் ஊசி, லாரியாகோ. குழந்தை அங்கேயே சுருண்டது. உயிர் தங்கியது, மூளை மீளவில்லை. ஊசி போட்டவர் எந்த நர்சிங் கவுன்சிலிலும் பதிவு செய்யாதவர் என்பது விசாரணையில் தெரிந்தது. குழந்தைக்கு 12.5 லட்சம், பெற்றோருக்கு 5 லட்சம் இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 1998இல் உறுதி செய்தது. ஸ்பிரிங் மெடோஸ் வழக்கு என்று சட்டப் புத்தகங்களில் இன்றும் இருக்கிறது.

மருந்தின் ஜெனரிக் பெயரைப் புரியும்படி, முடிந்தவரை பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று 2016இலேயே மருத்துவர்களுக்கு விதி வந்துவிட்டது. ஆகவே "சார், இது என்ன?" என்று கேட்பது உங்கள் உரிமை. ஹவுஸ் சர்ஜன் முறைப்பார், பி.ஜி. அலுத்துக்கொள்வார். கேளுங்கள். கேட்டதற்காக மெமோ வாங்கிய சிஸ்டரை நான் பார்த்ததில்லை.

4. புள்ளியையும் சைபரையும் சந்தேகப்படுங்கள்.

".5" என்று எழுதியதில் புள்ளி மங்கினால் 5, பத்து மடங்கு. "1.0" என்பதில் புள்ளி மறைந்தால் 10. யூனிட் என்பதற்கு ஆங்கிலத்தில் ஒற்றை எழுத்தைப் போட்டால் அது சைபராகத் தெரியும். 4 யூனிட் 40 ஆகிவிடும். நீங்கள் எழுதும்போது 0.5 என்று முன்னால் சைபர் போடுங்கள். முழு எண்ணுக்குப் பின்னால் புள்ளியும் சைபரும் வேண்டாம். யூனிட்டை முழுச் சொல்லாக எழுதுங்கள். ஒரு டோஸுக்கு நாலைந்து ஆம்பியூல் உடைக்க வேண்டிவந்தால் கணக்கில் ஏதோ இடிக்கிறது என்று நினைத்து நிறுத்துங்கள்.

5. இன்சுலினில் மூடியின் நிறத்தைப் பாருங்கள்.

நம் வார்டுகளில் பெரும்பாலும் வருகிற இன்சுலின் குப்பியில் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. பேனாவில் வருவது மில்லிக்கு 100 யூனிட். அந்த அளவுக்கான சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. பேனா ரிப்பேர், ஊசி தீர்ந்துவிட்டது என்று கார்ட்ரிட்ஜிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சால் உறிஞ்சுவதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். கணக்குப் போடுங்கள். சிவப்பு மூடியில் 20ஆம் கோடு என்றால் அரை மில்லி. 100 யூனிட் மருந்தில் அரை மில்லி 50 யூனிட். நோயாளி ராத்திரியே மயங்கிவிடுவார். திருப்பிப் போட்டால், ஆரஞ்சு மூடியில் 20 கோடு வரை ஏற்றிய 40 யூனிட் மருந்து வெறும் 8 யூனிட்தான். சர்க்கரை ஏன் இறங்கவில்லை என்று டாக்டர் டோஸைக் கூட்டிக்கொண்டே போவார்.

6. சில மருந்துகளை ஒற்றை ஆளாகத் தொடாதீர்கள்.

பொட்டாசியம் குளோரைடு முதலாவது. 10 மில்லி ஆம்பியூல், தண்ணீர் போலத் தெளிவு, டிஸ்டில்டு வாட்டரின் கூடப்பிறந்த தங்கை மாதிரி இருக்கும். அதில் 20 மில்லி ஈக்குவலன்ட் பொட்டாசியம். டிரிப்பில் கலந்து மணிக்கணக்கில் இறக்கினால் மருந்து. நேரே நரம்பில் தள்ளினால் இதயம் நின்றுவிடும். அடுத்தது பிரசவ வார்டின் மேக்சல்ஃப். 2 மில்லியில் ஒரு கிராம். ஒவ்வொரு டோஸுக்கு முன்னும் முழங்கால் தட்டிப் பாருங்கள், மூச்சை எண்ணுங்கள், சிறுநீர் அளவைப் பாருங்கள். கால்சியம் குளூக்கோனேட் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். புற்றுநோய் வார்டில் வின்கிறிஸ்டின்: நரம்புக்கு மட்டும் உரியது. தண்டுவடத்தில் போனால் பிழைப்பது அரிது. அதைச் சிரிஞ்சில் வைக்காமல் சிறு டிரிப் பையில் கலந்து வைக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். பையைத் தண்டுவட ஊசியில் மாட்ட யாருக்கும் கை போகாது. இவற்றோடு ஹெப்பாரின், இன்சுலின் எல்லாவற்றுக்கும் இன்னொரு சிஸ்டரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். அவர் தன் கண்ணால் படிக்க வேண்டும். "இது பொட்டாசியம்தானே?" என்று நீங்கள் கேட்டு அவர் தலையாட்டினால் அது சரிபார்த்ததாகாது.

7. போனில் வரும் உத்தரவைத் தமிழில் திருப்பிச் சொல்லுங்கள்.

ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் டாக்டர் "ஃபிஃப்டீன்" என்பார்; நமக்கு "ஃபிஃப்டி" என்று கேட்கும். "பதினஞ்சா சார், அம்பதா?" என்று கேட்டுப்பாருங்கள், குழப்பமே வராது. தமிழிலும் எழுபது, எண்பது மயக்கம் உண்டு. அங்கே "ஏழு, சைபர்" என்று ஒவ்வொரு எண்ணாகச் சொல்லுங்கள். மருந்தின் பெயர், அளவு, எந்த வழி என்று முழுதாக ஒப்பித்து, அவர் "ஆமாம்" சொன்ன பிறகு நேரத்தோடு எழுதுங்கள். காலை ரவுண்ட்ஸில் கையெழுத்தை வாங்கிவிடுங்கள். அடுத்த நாள் "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்று ஒரு குரல் வந்தால் உங்களைக் காப்பது அந்த ஒரு வரிதான்.

8. நீங்கள் ஏற்றாத சிரிஞ்சை நீங்கள் போடாதீர்கள்.

"ட்ரேயில வச்சிருக்கேன், போட்டுடு" என்று சொல்லிவிட்டு டியூட்டி மாறிப் போவார்கள். பெயர் ஒட்டாத சிரிஞ்சு எதுவானாலும் கொட்டிவிட்டுப் புதிதாக ஏற்றுங்கள். மருந்து வீணாகிறதே என்று பார்க்க வேண்டாம். ஏற்றும் நேரத்தில் யார் பேச வந்தாலும், அட்டெண்டரோ இன்சார்ஜ் சிஸ்டரோ, இடது கையைக் காட்டி நிறுத்துங்கள்.

9. "நேத்து போட்டது வேற கலரு" என்றால் நில்லுங்கள்.

நோயாளியும் அவருக்குத் துணையாக இருப்பவரும்தான் மூன்று ஷிஃப்டையும் பார்க்கிறவர்கள். நாம் எட்டு மணி நேரம் பார்த்துவிட்டுப் போகிறோம். "இந்த ஊசி காலையிலேயே போட்டாச்சே" என்றால் எரிச்சல் படாமல் கேஸ் ஷீட்டைப் புரட்டுங்கள். பத்தில் ஒன்பது முறை அவர்கள் சொல்வது தப்பாகவே இருக்கட்டும். அந்தப் பத்தாவது முறைக்காகக் கேட்க வேண்டும். "எந்த மருந்தாவது ஒத்துக்காதா?" என்ற கேள்வியையும் ஒவ்வொரு புது மருந்துக்கு முன்னும் கேளுங்கள்.

ஒரு விஷயம் மட்டும் எச்சரிக்கை. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வழியாக வரும் மாத்திரைகள் டெண்டர் மாறினால் நிறமும் வடிவமும் மாறும். ஆகவே நிறத்தை வைத்து நீங்கள் மருந்தை அடையாளம் காணாதீர்கள்; அட்டையில் அச்சடித்த பெயரைப் படியுங்கள். நோயாளியிடமும் "கலர் மாறியிருக்கும்மா, மருந்து அதேதான்" என்று சொல்லி அனுப்புங்கள். இல்லாவிட்டால் வீட்டில் பழைய வெள்ளையும் புது மஞ்சளும் சேர்ந்து உள்ளே போகும்.

10. டிஸ்சார்ஜ் சீட்டோடு வேலை முடியவில்லை.

மூட்டுவாதத்துக்கு எழுதும் மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரு நாள் சாப்பிட வேண்டியது. தினமும் சாப்பிட்டு, வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் இறங்கி உயிர் போனவர்கள் உலகம் முழுக்க உண்டு. "வாரம் ஒரு முறை" என்றால் காதில் ஏறாது. "செவ்வாய்க்கிழமை மட்டும்" என்று கிழமையைச் சொல்லி எழுதிக் கொடுங்கள். குழந்தைக் காய்ச்சலுக்கான பாராசிட்டமால் சொட்டு மருந்தில் ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம். சிரப்பில் 5 மில்லிக்கு 125. சிரப் கணக்கில் சொட்டு மருந்தை 5 மில்லி ஊற்றினால் நான்கு மடங்கு. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக் கவரின் மேல் சூரியனும் நிலாவும் வரைந்து கொடுங்கள். பிறகு "வீட்டுக்குப் போய் எப்படிக் குடுப்பீங்க, சொல்லுங்க" என்று அவர்கள் வாயால் சொல்ல வையுங்கள்.

11. கொடுத்த பிறகு எழுதுங்கள், எழுதியதைத் திருத்தாதீர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். எல்லாத் தவறும் அலட்சியம் ஆகாது. நியாயமான கவனத்தோடு ஒரு சராசரித் தேர்ச்சியுள்ளவர் செய்திருப்பதைச் செய்தீர்களா என்பதுதான் கேள்வி. கிரிமினல் வழக்குக்கு அதைவிட மோசமான, கண்மூடித்தனமான அலட்சியம் வேண்டும் என்று ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் 2005இல் சொன்னது. காசு வாங்கும் மருத்துவமனைகள் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்பது 1995 தீர்ப்பு. முழுக்க இலவசமான அரசு மருத்துவமனை அதற்குள் வராது. என்றாலும் சிவில் வழக்கு உண்டு, நம் மேல் துறை நடவடிக்கையாக 17(பி)யும் உண்டு. கொல்கத்தாவில் 1998இல் தோல் ஒவ்வாமைக்கு, நாள்கணக்கில் உடம்பில் தங்கும் ஸ்டீராய்டு ஊசியைத் ஒரு பெண்ணுக்குத் தினம் இரண்டு வேளை எழுதினார்கள். பிறகு அவர் இறந்தார். அனுராதா சாஹா வழக்கு. 2013இல் உச்ச நீதிமன்றம் விதித்த இழப்பீடு ஏறக்குறைய 6 கோடி.

இன்னொன்றைப் பலர் கவனிக்கவில்லை. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவில், கவனக்குறைவால் மரணம் நேர்ந்தால் ஐந்து ஆண்டு வரை சிறை. சிகிச்சையின்போது பதிவுபெற்ற மருத்துவருக்கு மட்டும் இரண்டு ஆண்டு வரை. அந்தச் சலுகையில் செவிலியர் இல்லை.

நீதிமன்றத்தில் நமக்காகப் பேசப்போவது கேஸ் ஷீட்தான். நேரத்தை மிச்சப்படுத்த நாற்பது பேருக்கும் முதலிலேயே "கொடுத்தாயிற்று" என்று டிக் அடித்துவிட்டு ட்ரேயோடு கிளம்பாதீர்கள். தப்பாக எழுதிவிட்டால் ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் கையெழுத்தும் நேரமும் போடுங்கள். வெள்ளை மை பூசிய கேஸ் ஷீட்டை எந்த நீதிபதியும் நம்பமாட்டார்.

12. தவறு நேர்ந்தால் முதல் நிமிஷத்தில் சொல்லுங்கள்.

இப்போது லட்சுமிப் பாட்டியிடம் வருகிறேன். ஊசி போட்டு அரை நிமிஷம் ஆகியிருக்கும். நான் போட்டதை யாரும் பார்க்கவில்லை. இன்னும் அரை மணியில் என் டியூட்டி முடியும். கையில் காலிச் சிரிஞ்சு. பேசாமல் போய்விடலாம் என்று மனது சொன்னது, பொய் சொல்லமாட்டேன். எதிர் வரிசையில் டெம்பரேச்சர் பார்த்துக்கொண்டிருந்த சீனியர் சிஸ்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு வந்தார். சொன்னேன். அவர் திட்டவில்லை. "நீ போய் டாக்டரைக் கூப்பிடு. நான் பாட்டிகிட்ட நிக்கிறேன்" என்றார். பாட்டிக்குச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தோம், டெக்ஸ்ட்ரோஸ் மாட்டினோம். அப்படியும் ஒரு மணி நேரத்தில் பாட்டிக்கு வியர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது. டெக்ஸ்ட்ரோஸ் ஓடிக்கொண்டிருந்ததால் மீண்டுவிட்டார். நான் வாயைத் திறக்காமல் பஸ் ஏறியிருந்தால், இளைப்பு நோயாளி ஏன் மயங்கினார் என்று யாருக்கும் பிடிபட்டிருக்காது.

கேஸ் ஷீட்டில் நடந்ததை நடந்தபடி எழுதினேன். பாட்டியின் மகனிடம் டாக்டர் சொன்னார். நானும் பக்கத்தில் நின்றேன். சிறு தண்டனைக்கான 17(ஏ)யில் மெமோ வந்தது. விளக்கம் கொடுத்தேன், கண்டிப்போடு போயிற்று. டிஸ்சார்ஜ் ஆகும்போது பாட்டி, "இனிமே ஆளப் பாத்துப் போடு தாயி" என்றார். ஓய்வு பெறும் வரை அப்படித்தான் போட்டேன்.

ஆகவே வரிசை இதுதான்: முதலில் நோயாளி, அடுத்து டாக்டர், பிறகு எழுத்து, பிறகு குடும்பம், பிறகு மேலிடம். போடப்போய்க் கடைசி நொடியில் தப்பியதையும் இன்சார்ஜிடம் சொல்லுங்கள். அடுத்த சிஸ்டர் அதே இடத்தில் தடுக்கி விழாமல் இருப்பார். இன்சார்ஜாக இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வந்து சொல்கிற பிள்ளையை எல்லோர் முன்னாலும் திட்டாதீர்கள். ஒருத்தியைத் திட்டினால் மீதிப் பேர் வாயை மூடிக்கொள்வார்கள்; பாதிக்கப்படுவது அடுத்த லட்சுமி. நாற்பது பேருக்கு ஒரு செவிலியர் என்று வைத்திருக்கும் மேலிடத்தையும் இந்தக் கணக்கிலிருந்து விட முடியாது. ஆள் போதவில்லை என்பதை வாயால் புலம்பாமல் தேதி போட்டு எழுதிக் கொடுத்து, நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

நாளைக் காலை டியூட்டிக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வார்டு அலமாரியில் பொட்டாசியம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். டிஸ்டில்டு வாட்டருக்குப் பக்கத்தில் இருந்தால், ஹேண்ட் ஓவர் முடிவதற்குள் இன்சார்ஜிடம் சொல்லி இடத்தை மாற்றிவிடுங்கள்.